கரிமூட்டத்தின் கணக்கு

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் தாண்டிக் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போகிறவர்களுக்கு உடங்காட்டுக்குள்ளிருந்து எழும் கரிமூட்டத்துப் புகை பழகிப்போன ஒன்று. சீமைக் கருவேல மரத்தை வெட்டித் துண்டுபோட்டு நெருக்கி அடுக்குகிறார்கள். மேலே வைக்கோலும் தழையும் பரப்பிச் சேறு குழைத்து மெழுகுகிறார்கள். காற்றுக்குத் துளைகள் விட்டுத் தீ வைத்தபின் பல நாள் இரவும் பகலும் காவல். முதலில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் மரத்தின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாயத் தொடங்கினால் கரி பிடித்துவிட்டது என்று மூட்டம் போட்டுப் பழகியவர் கண்ணாலேயே கண்டுகொள்வார். உடனே துளைகளை அடைப்பார். ஆறவிட்டுப் பிரித்தால் தூர்க்கரி தனியாகவும் குச்சிக்கரி தனியாகவும் மூட்டையாகி லாரி ஏறும்.

அந்தப் புகையோடு வானத்துக்குப் போனது எவ்வளவு? கரிக்கு எடை உண்டு, விலை உண்டு. புகைக்கும் எடை உண்டு. அதை நிறுக்கும் வழிகளையும், அந்த வழிகள் நம் ஊர் மண்ணில் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்பதையும் பற்றியது இக்கட்டுரை.

தீயிலிருந்து வெளியேறும் வாயுக்களைக் கணக்கிடும் அடிப்படைச் சூத்திரத்தை 1980இல் வோல்ஃப்காங் சைலர், பால் க்ரூட்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வகுத்தார்கள். ஓசோன் ஆய்வுக்காகப் பின்னாளில், 1995இல், வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் இந்த க்ரூட்சன். சூத்திரம் எளியது. எரிந்த பரப்பு, ஒரு ஹெக்டேரில் இருந்த உலர்ந்த தாவரத்தின் எடை, அதில் உண்மையில் எரிந்த பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் எரிந்துபோன எடை கிடைக்கும். அதை ‘உமிழ்வுக் காரணி’யால் பெருக்க வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த தாவரம் எரிந்தால் குறிப்பிட்ட வாயு எத்தனை கிராம் வெளியேறும் என்பதே உமிழ்வுக் காரணி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலைச்சரிவில் 10 ஹெக்டேர் புல்வெளி எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த புல், அதில் 80 சதவீதம் எரிந்தது. எரிந்த எடை 40 டன். ஆந்த்ரே, மெர்லே இருவரும் உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் திரட்டி 2001இல் வெளியிட்ட பட்டியல்படி, புல்வெளித் தீயில் கிலோவுக்குக் கரியமில வாயு 1,613 கிராம், கார்பன் மோனாக்சைடு 65 கிராம், மீத்தேன் 2.3 கிராம். ஆகவே நம் மலைத்தீயிலிருந்து கரியமில வாயு 64 டன்னுக்குச் சற்று மேல், கார்பன் மோனாக்சைடு 2.6 டன், மீத்தேன் 92 கிலோ வெளியேறியிருக்கும்.

இந்த 2.3 என்ற எண் எப்படி வந்தது? தீயின் புகை முழுவதையும் பிடித்து அடைத்து எடை பார்க்க யாராலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. எரிந்த தாவரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அந்தக் கார்பன் சாம்பலில் தங்கியது போக மிச்சமெல்லாம் கரியமில வாயுவாகவோ, மோனாக்சைடாகவோ, மீத்தேனாகவோ, கரித்துகளாகவோதான் வெளியேறியாக வேண்டும். புகைக்குள்ளிருந்து ஒரு குடுவைக் காற்றையும், புகை படாத இடத்திலிருந்து இன்னொரு குடுவைக் காற்றையும் எடுத்து, ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால் அவற்றுக்கிடையிலான விகிதம் தெரிந்துவிடும். விகிதம் தெரிந்தால், மொத்தக் கார்பனை அதன்படி பங்கிட்டுவிடலாம். கார்பன் சமநிலை முறை என்பது இதுதான். புகையை முழுவதும் பிடிக்காமலே அதன் எடையைச் சொல்லும் இந்த வழியின் நேர்த்தி எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

இதே விகிதம் தீயின் குணத்தையும் காட்டிக்கொடுக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் கார்பன் பெரும்பாலும் கரியமில வாயுவாகிவிடும். காற்று போதாமல் புகையும் தீயில் மோனாக்சைடும் மீத்தேனும் பென்சீன் போன்ற கரிம ஆவிகளும் கூடும். கரியமில வாயு, மோனாக்சைடு இரண்டின் கூடுதலில் கரியமில வாயுவின் பங்கு 0.9க்கு மேல் இருந்தால் சுடர்த்தீ, அதற்குக் கணிசமாகக் கீழே இறங்கினால் புகைத்தீ என்று கொள்கிறார்கள்.

கரிமூட்டம் வேண்டுமென்றே காற்றை அடைத்து நடத்தப்படும் எரிப்பு. மரம் முழுவதும் எரிந்துவிட்டால் கரி ஏது? ஆகையால் கணக்கு அடியோடு மாறுகிறது. கென்யாவின் மண்மூட்டங்களிலும் பிரேசிலின் சூளைகளிலும் அளந்து பெனிஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கிலோ கரி எடுக்க 32 முதல் 62 கிராம் மீத்தேனும், 143 முதல் 333 கிராம் கார்பன் மோனாக்சைடும் வெளியேறுவதாகக் காட்டியது. குஜராத் கிராமங்களில் 1980களின் தொடக்கத்தில் அடுப்புப் புகையை அளந்து, சமையலறைக் காற்று எவ்வளவு கெட்டது என்று உலகுக்குச் சொன்ன கிர்க் ஸ்மித்தும் அந்தக் குழுவில் ஒருவர்.

அந்த எண்களை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு டன் கரி எடுக்கும் மூட்டம் 64 முதல் 124 கிலோ மீத்தேனை வெளியிடும். பத்து ஹெக்டேர் மலைப்புல் எரிந்து வெளிவந்த 92 கிலோ அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. மலையில் தீ என்றால் வனத்துறை ஓடும், பத்திரிகையில் செய்தி வரும். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி மாண்டபின் கோடைக் காட்டுத்தீ பற்றிய அச்சம் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஆண்டெல்லாம் கரிசல்காட்டின் ஓரங்களில் ஓசையின்றிப் புகைந்துகொண்டிருக்கும் மூட்டங்கள் மீத்தேன் கணக்கில் மலைத்தீக்குக் குறைந்தவை அல்ல.

செயற்கைக்கோள் இதைப் பார்க்காதா என்று கேட்கலாம். டெர்ரா என்ற செயற்கைக்கோள் 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டன. இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவி ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் வெப்பம் மிகுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். 2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபியின் விர்ஸ் கருவிக்கு அந்தச் சதுரம் 375 மீட்டர். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இந்தத் தகவல்களைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. தீ வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சின் திறனை அளந்து, அதிலிருந்து எரிந்த எடையை நேரடியாகக் கணிக்கும் முறையும் வந்துவிட்டது. மார்ட்டின் வூஸ்டர் குழுவினர் 2005இல் கண்ட உறவுப்படி, ஒரு மெகாஜூல் கதிர்வீச்சுக்கு 0.368 கிலோ தாவரம் எரிந்திருக்கும்.

மேற்கு மலையின் திறந்த சரிவுகளுக்கு இது பெரிய உதவி. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த புல் தை, மாசியில் காய்ந்து, பங்குனி சித்திரை வரை தீக்குக் காத்திருக்கும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிக்கு மேற்கே, 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்துச் சரிவுகளில் தீ எழுந்தால் விண்ணிலிருந்து தெரியும். மரக்கூரைக்கு அடியில் சருகோடு ஊரும் தீ தெரிவது கடினம். சேற்றால் மெழுகி மூடிய மூட்டத்தின் வெப்பம் மண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். மேலே கசிவது கொஞ்சம். வரப்போரத்தில் அரைமணி நேரம் எரியும் குப்பையும் தட்டையும், செயற்கைக்கோள் கடந்துபோன நேரத்துக்கு முன்னோ பின்னோ எரிந்தால் பதிவாகாது. பஞ்சாபில் பிற்பகல் செயற்கைக்கோள் போனபின் வைக்கோல் கொளுத்துவது கூடியதாக 2024இல் எழுந்த விவாதம் இதே குறையைத்தான் காட்டியது. மேலிருந்து எண்ணிய தீப்புள்ளிகள் குறைந்தன, புகை குறையவில்லை. ஆக, வானத்திலிருக்கும் கண்ணை மட்டும் நம்பிக் கணக்கெழுதினால் எங்கள் பக்கத்துத் தீயில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாது.

வெளியூர் எண்ணை நம் மண்ணுக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா ஒருமுறை நல்ல பாடம் கற்றது. அது நெல்வயல் கதை.

நீர் நிற்கும் வயலின் சேற்றில் உயிர்வளி இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய பொருளை மீத்தேனாக மாற்றுகின்றன. அந்த மீத்தேனில் 90 சதவீதம் வரை, நெற்பயிரின் வேருக்கும் இலைக்கும் நடுவே ஓடும் காற்றுக்குழாய்கள் வழியாகவே வெளியேறுகிறது. வேர் மூச்சுவிடுவதற்காக அமைந்த பாதை, சேற்றின் வாயுவுக்கும் வழியாகிவிடுகிறது. அளப்பது இப்படி: நட்ட பயிரின் மேல் ஒளி புகும் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த இடைவெளிகளில் ஊசிக்குழாயால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்திப் பார்ப்பார்கள். நேரத்தோடு மீத்தேன் ஏறும் வேகமே வயலின் உமிழ்வு.

இத்தாலி, ஸ்பெயின், கலிபோர்னியா வயல்களில் இப்படி அளந்த எண்கள் 1980களில் கிடைத்தன. அத்தகைய எண்களை இந்தியாவின் மொத்த நெற்பரப்பால் பெருக்கியதில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பு இந்திய வயல்களின் பேரில் ஆண்டுக்கு 37.8 மில்லியன் டன் மீத்தேனை எழுதியது. தட்பவெப்ப உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறுநூல், ஏழை உழவரின் வயலையும் பணக்காரரின் காரையும் ஒரே தராசில் வைக்கும் அரசியலைக் கேள்வி கேட்டது. அதே ஆண்டு ஏ. பி. மித்ராவின் தலைமையில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் நாடு தழுவிய அளவீட்டை நடத்தியது. ஒரே வகைப் பெட்டி, ஒரே முறை, பல மாநில வயல்கள். வந்த விடை சுமார் 4 மில்லியன் டன். முன்னதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

காரணம் மண்ணிலும் நீரிலும் இருந்தது. நம் மண்ணில் கரிமச்சத்து குறைவு. கணிசமான பரப்பு மானாவாரி. குளத்துப் பாசனத்தில் நீர் இடைவிடாமல் நிற்பதில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் குளம் பெருகினால்தான் நெல். பெருகிய ஆண்டிலும் மடை முறைவைத்துத்தான் திறக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விளையும் வயலில் சேறு அவ்வப்போது காற்றைக் குடிக்கும், மீத்தேன் உண்டாவது தடைப்படும். நீர் பற்றாக்குறையால் பழகிப்போன இந்த முறையை இன்று திருந்திய நெல் சாகுபடியின் ஒரு கூறாகவும் உமிழ்வைக் குறைக்கும் வழியாகவும் உலகம் பரிந்துரைக்கிறது. 1991இல் வயலில் இறங்கி அளந்திராவிட்டால், பத்து மடங்கு பழி நம் உழவர் தலையில் இருந்திருக்கும். இந்திய அறிவியல் தன் மக்களுக்குச் செய்த பெரிய தொண்டுகளில் ஒன்றாக நான் இதை மதிக்கிறேன். பள்ளிப் பாடத்தில் இது இடம்பெற வேண்டும்.

சிறிய இடத்தில் அளந்து உலகத்துக்குப் பெருக்கும் ஆசை மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது. 1982இல் கரையான்கள் ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் டன் மீத்தேன் விடுவதாக ஒரு கணிப்பு வந்தது. பின்வந்த ஆய்வுகள் அதை அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருக்கின. சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தகவல் ஆர்வம் தரும் என்பதால் சொல்கிறேன். 2006இல் ஃபிராங்க் கெப்லர் குழு, உயிருள்ள தாவரங்கள் காற்றோட்டமான நிலையிலும் மீத்தேன் விடுவதாகவும் உலக அளவில் அது 62 முதல் 236 மில்லியன் டன் வரை இருக்கலாம் என்றும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. மறு ஆண்டே வேறொரு குழு சோதித்துப் பார்த்து, அப்படிக் குறிப்பிடத்தக்க உமிழ்வு ஏதும் காணவில்லை என்றது.

தமிழ்நாட்டிலேயே கவனமான அளவீட்டுக்கு நல்ல முன்னுதாரணம் பிச்சாவரம். அங்கே அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டும் மூச்சுவேர்கள் வழியாக மீத்தேன் வெளியேறுவதை ஆர். பூர்வஜா, ஆர். ரமேஷ் இருவரும் பீட்டர் ஃபிரென்சலுடன் சேர்ந்து அளந்து 2004இல் வெளியிட்டார்கள். பிறகு அதே காட்டில், புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் வாயுப் பாயத்தை, அதாவது வாயு வந்துபோகும் அளவை, அளக்கும் கோபுரம் நின்றது. கோபுரத்தின் உச்சியில் ஒலியலைக் காற்றுமானி, காற்று மேலேறுவதையும் கீழிறங்குவதையும் வினாடிக்குப் பத்து முறையாவது பதிவு செய்யும். அதன் அருகிலேயே இன்னொரு கருவி அதே கணத்தின் கரியமில வாயுவை அளக்கும். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா நாளில் கோயில் கோபுர வாசலில் நின்று உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணினால் உள்ளே எத்தனை பேர் தங்கினார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதைப் போல, காடு எவ்வளவு வாங்கியது, எவ்வளவு விட்டது என்ற நிகரக் கணக்கை அரைமணிக்கு ஒருமுறை இது சொல்லும்.

தீயும் சேறும் மட்டுமல்ல, பசுமையான இலையும் காற்றில் ஆவிகளைக் கலக்கிறது. ஜார்ஜிய விஞ்ஞானி சனாத்சே, இலைகளிலிருந்து ஐசோப்ரீன் என்ற கரிம ஆவி வெளியேறுவதை 1957இல் அறிவித்தார். மலைகளில் தெரியும் நீலப் புகாருக்குத் தாவர ஆவிகளே காரணம் என்று ஃபிரிட்ஸ் வெண்ட் 1960இல் எழுதினார். இன்றைய மதிப்பீட்டில் உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லியன் டன் ஐசோப்ரீனை விடுகின்றன. இயற்கையும் மனிதரும் சேர்ந்து வெளியிடும் மொத்த மீத்தேனுக்கு நெருங்கிய எடை. யூகலிப்டசும் மூங்கிலும் மிகுதியாக விடும்; நெல், சோளம் போன்ற பயிர்கள் மிகக் குறைவாக. வெளிச்சமும் வெப்பமும் கூடினால் உமிழ்வு கூடும், இருட்டில் நின்றுவிடும். ஒரு கிளையை டெஃப்லான் பையால் மூடி, சுத்தமான காற்றை ஒருபுறம் செலுத்தி மறுபுறம் வெளிவருவதை அளப்பதே இதற்கு வழக்கமான முறை. அப்படி மரம் மரமாக அளந்தவற்றிலிருந்து அலெக்ஸ் குந்தர் குழு மெகன் என்ற கணினி மாதிரியை உருவாக்கி 2006இல் வெளியிட்டது. ஐசோப்ரீன் காற்றில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு ஆகும். 2017இல் ஏவப்பட்ட சென்டினல் 5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி அதைக் கண்டு, தாவர உமிழ்வைப் பின்னோக்கிக் கணிக்க உதவுகிறது. இந்திய மரங்களுக்கான எண்களை சி. கே. வர்ஷ்ணே முதலியோர் டெல்லியில் அளந்து 2000களில் வெளியிட்டனர்.

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் இலையைக் கசக்கினால் வரும் மணம் இந்த ஆவிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பழத்தோலின் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு விடியலில் வந்திறங்கும் பிச்சியும் மல்லிகையும் காற்றில் கலக்கும் வாசமும் அளக்கக்கூடிய உமிழ்வே. ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டிப் பாயும் காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மலையடிவாரத்தை விட்டு அரைமணிக்குச் சற்று மேல் ஆகும்போது சங்கரன்கோவிலை எட்டும். பகல் வெயிலில் ஐசோப்ரீனின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆக, காட்டின் மூச்சில் ஒரு பங்கு சிதையாமலே ஊருக்குள் வரும். வாகனமும் எரிப்பும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு அங்கே காத்திருந்தால், வெயிலில் இரண்டும் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். அது நெஞ்சுக்கும் கெடுதல், பயிருக்கும் கெடுதல். இதற்காக மரத்தைக் குறைசொல்வது தவறு. காடு கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஆவிகளை விட்டுவருகிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பெருக்கியது நாம்.

மீண்டும் தீக்கு வருவோம். இந்தியத் தீக்கு இந்திய எண் வேண்டும் என்பதைச் செய்துகாட்டியவர்கள் மொகாலி அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வினாயக் சின்ஹா, பேர்பெல் சின்ஹா குழுவினர். காற்றிலுள்ள கரிம ஆவிகளை உடனுக்குடன் இனம்பிரிக்கும் புரோட்டான் மாற்ற நிறைமாலைமானியை வைத்து, நெல் வைக்கோல் எரியும்போது வெளியேறும் 77 ஆவிகளின் உமிழ்வுக் காரணிகளை அளந்தார்கள். பிறகு மாவட்ட விளைச்சல் கணக்கோடு சேர்த்து, வடமேற்கு இந்தியாவுக்கு ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பட்டியல் தயாரித்து 2021இல் வெளியிட்டார்கள்.

சீமைக் கருவேலத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். 1870களில் சென்னை மாகாண வனத்துறை விதை தருவித்த மரம் இன்று எங்கள் குளத்தங்கரைகளையும் தரிசுகளையும் நிறைத்து நிற்கிறது. அதை அகற்ற 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டதும், 2022இல் மாநில அரசு அயல்தாவரங்களுக்கென்று கொள்கை வகுத்ததும் வெட்டும் வேகத்தைப் பற்றியே மக்களைப் பேசவைத்தன. வெட்டிய மரம் எப்படி எரிகிறது என்பதையும் கேட்க வேண்டும். மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் மீது பழி சுமத்துவது என் நோக்கமல்ல. காற்றைக் கட்டுப்படுத்தி, புகையிலுள்ள வாயுக்களையும் எரித்துவிடும் சூளைகள் உலகில் உள்ளன. கரியும் கூடுதலாகக் கிடைக்கும், தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகும் மோனாக்சைடும் குறையும். ஆனால் எந்தச் சூளையால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, முதலில் இன்றைய மூட்டத்தின் அளவு வேண்டும். கென்யாவின் எண்ணை வைத்து உதவித்தொகை கேட்கவும் முடியாது, குறைத்ததற்குக் கணக்குக் காட்டவும் முடியாது.

வேலை கடினமானதல்ல. அடுக்கும் முன் மரத்தை நிறுத்து ஈரம் பார்க்க வேண்டும். பிரித்தபின் கரியை நிறுத்துக் கார்பன் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகையின்போதும், நடுவிலும், நீலம் பாயும்போதும் குடுவைகளில் காற்றெடுக்க வேண்டும். அதற்கான நேரத்தைச் சொல்ல மூட்டக்காரரைவிடத் தகுதியானவர் இல்லை. அவரை ஆய்வில் கூலிக்காரராக வைக்காமல் வழிகாட்டியாக வைக்க வேண்டும். நெல்லுக்கு அம்பாசமுத்திரத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசலுக்குக் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்து, வரும் வெட்டுப் பருவத்திலேயே கரிசல்காட்டு மூட்டங்கள் சிலவற்றை முழுமையாக அளந்து, எண்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதற்கான செலவை ஏற்க வேண்டும்.